அக்காவின் நாய்க்கு என்ன போடலாம் என்று மனம் நோகாமல் சொல்வது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன். கேட்டவர் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஒரு தங்கச்சி. காலையில் நாயோடு நடக்கப் போகும்போது ஓர் அக்கா பழக்கமாகியிருக்கிறார். அவர் வீட்டு லாப்ரடார் ராக்கிக்கு ஐந்து வயது. சூப்பர்மார்க்கெட்டில் கிடைப்பதிலேயே மலிவான பெரிய பை, அதன்மேல் வீட்டில் மிஞ்சிய சோறும் குழம்பும். நாய் பருத்துவிட்டது, ஓயாமல் சொறிந்துகொள்கிறது. "நான் என் நாய்க்குத் தானியமே சேராத உயர்ந்த உணவு போடுகிறேன். அக்காவையும் அதற்கு மாறச் சொல்ல ஆசை. சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கம். எப்படிப் பேசுவது?"

தயங்கியது நல்லதுதான். நான் தயங்காமல் பேசிக் கெட்டவன்.

டர்பனில் ஒரு கால்நடை மருத்துவமனையில் 18 ஆண்டு உதவியாளராக இருந்தேன். வருகிற நாயைத் தூக்கி எடை மேடையில் நிறுத்துவது, என்ன சாப்பிடுகிறது என்று கேட்டு அட்டையில் எழுதுவது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அங்கிள் இரண்டு நாய்களோடு தடுப்பூசிக்கு வந்தார். என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன், ஒரு பெயர் சொன்னார். "இதையா போடுறீங்க அங்கிள்? வெறும் மீலி மாவுதானே அது" என்றேன், மக்காச்சோள மாவைத்தான் அப்படிச் சொல்வோம். அவர் பதில் பேசவில்லை. தடுப்பூசி அட்டையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அடுத்த ஆண்டு வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, முதியோர் உதவித்தொகையை வைத்துக்கொண்டு நாய்களுக்கும் சோறு போடுகிறவர் அவர். மூன்றாவதாக இன்னொன்று வேறு, பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போனது. மலிவு உணவால் அந்த நாய்களுக்குப் பெரிய கேடு வந்திருக்காது. ஊசி தவறினால் பார்வோ என்ற வைரஸ் நோய் வரலாம். என் வாயால் எது வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் சோறு போடுவது வெறும் தீனி வைப்பதோடு முடிகிற காரியமில்லை. வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டோம். நாய்க்கும் அதே கைதான் போடுகிறது. உணவைக் குறை சொன்னால் போட்ட கையைக் குறை சொன்னதாகத்தான் காதில் விழும். அதனால் பையைப் பற்றிய பேச்சை நீங்கள் எடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. நாயைப் பற்றிப் பேசுங்கள். பை தானாக வரும்.

அதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ராக்கியின் தொல்லைக்கெல்லாம் அந்தப் பைதான் காரணம் என்று எப்படித் தெரியும்?

சொறிச்சலை எடுத்துக்கொள்வோம். டர்பன் வெக்கையில் தெள்ளுப்பூச்சிக்கு ஓய்வே கிடையாது, குளிர்காலத்திலும் உண்டு. சொறிகிற நாய் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது வால் தொடங்கும் இடத்தைத்தான். அங்கே முடியைப் பிரித்து, கறுப்புத் தூளாக இருப்பதை எடுத்து ஈரமான வெள்ளைத் துணியில் தேய்ப்போம். செம்பழுப்பாகப் பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது நாயின் இரத்தம். ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு தெள்ளு கடித்தாலே போதும், கண்ணில் ஒரு பூச்சிகூடப் படாமல் நாள் முழுக்கச் சொறியும். உணவு ஒவ்வாமையும் உண்டுதான். ஆனால் அதில் பெரும்பாலும் மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை இவற்றின் புரதம்தான் குற்றவாளி, விலை இல்லை. கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு உலகத்திலேயே விலை கூடிய கோழி உணவைப் போட்டாலும் சொறியத்தான் செய்யும். உணவுதானா என்று உறுதி செய்ய மருத்துவர் சொல்படி எட்டு வாரமாவது வேறெதுவும் வாயில் படாமல் ஒரே உணவில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆகவே சொறியைக் காட்டிப் பையைப் பழிக்காதீர்கள். நாளை தெள்ளு மருந்து போட்டதும் சொறி நின்றுவிட்டால் உங்கள் பேச்சு அதன்பின் எடுபடாது.

பருமன் வேறு கதை. அது அநேகமாக அளவுக் கணக்கு.

ராக்கி 30 கிலோ இருக்க வேண்டிய நாய் என்று வைத்துக்கொள்வோம். கருத்தடை செய்த, சாதாரணமாக நடமாடுகிற நாய் என்றால் நாளுக்குச் சுமார் 1,400 கலோரி போதும். உலர் உணவு 100 கிராமில் 350 கலோரி அளவில் இருக்கும், ஆக நாளுக்கு 400 கிராம். வேறெதுவும் கொடுக்காமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. மேற்படித் தின்பண்டமெல்லாம் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பார்கள், அதாவது 140 கலோரி. நெய் தடவிய ஒரே ஒரு ரொட்டியில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். அக்கா வீட்டிலோ தாத்தா ஒரு ரொட்டி, பிள்ளைகள் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) ஓரத்தில் பிய்த்த ரொட்டி, ராத்திரி குழம்புச் சோறு. யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் அட்டையில் "உணவு: கொஞ்சம்" என்று சொல்லி எழுதச் சொன்னவர்கள் எத்தனை பேர்!

மெலிந்த நாய்க்கு ஆயுள் கூடும் என்பது சும்மா பேச்சில்லை. 48 லாப்ரடார்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்குப் போட்டதில் கால் பங்கு குறைத்து மற்றதற்குப் போட்டு, சாகும்வரை வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2002-இல் வெளிவந்தது. குறைத்துச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வலியும் தாமதமாகத்தான் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே உணவு என்பதைக் கவனியுங்கள். பையை மாற்றவே இல்லை.

மீலி விஷம் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். நாய் ஓநாய் கிடையாது. மனிதன் அடுப்போரம் ஆயிரக்கணக்கான ஆண்டு கிடந்ததில் மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு அதற்குப் பல மடங்கு பெருகியிருக்கிறது என்று 2013-இல் கண்டார்கள். நன்றாக வெந்த மக்காச்சோளம் அதற்குச் செரிக்கும். பயப்பட வேண்டியது பூஞ்சைக்கு. 2011-இல் கௌடெங் மாகாணத்தில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு ஏறிய உலர் உணவைத் தின்று பல நாய்கள் ஈரல் கெட்டுச் செத்தன. வாங்கும் இடமும் வைக்கும் இடமும் முக்கியம் என்று சொல்வது அதனால்தான். பை கிழிந்து தையல் போட்டிருந்தால், தேதி தாண்டி விலை குறைத்திருந்தால் வாங்கக் கூடாது. வீட்டில் அதே பையோடு மூடி இறுகிய வாளிக்குள் இறக்கி, ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும். நம் கடற்கரை ஈரத்தில் திறந்த பை ஒரு மாதத்துக்கு மேல் தாங்குவதை நான் நம்ப மாட்டேன். சிக்கு வாடை அடித்தால் குப்பையில் போட்டுவிட வேண்டியதுதான்.

சரி, இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். நீங்கள் போடுகிற தானியம் சேராத உணவு. தானியத்தை எடுத்தால் அந்த இடத்தில் வேறொரு மாவு வந்தாக வேண்டும், பெரும்பாலும் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு வரும். இப்படிப்பட்ட உணவு தின்ற நாய்களுக்கு இதயத் தசை தளர்ந்து பெருத்துப்போகும் நோய் வருவதாகப் புகார் வரவே, அமெரிக்க உணவு மருந்துத் துறை 2018-இல் விசாரிக்கத் தொடங்கியது. இதுதான் காரணம் என்று இன்றுவரை முடிவாகவில்லை. உங்கள் நாய் நன்றாக இருக்கிறது என்றால் பதறத் தேவையில்லை. ஆனால் பையின் பின்பக்கத்தை ஒருமுறை படியுங்கள். முதல் ஐந்து பொருளில் பட்டாணி, பட்டாணிப் புரதம், பருப்பு என்று மூன்று இடம் போயிருந்தால் அடுத்த ஊசிக்குப் போகும்போது டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். மருத்துவர் தானியம் வேண்டாம் என்று சொல்லாதவரை அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். ஆகவே அதை அக்காவிடம் சிபாரிசு செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இந்தப் பத்தியைப் படித்தபோது உங்களுக்குச் சுருக்கென்றதா? அக்காவுக்கும் அப்படித்தான் இருக்கும். அந்த உணர்வை மறக்காமல் வைத்துக்கொண்டு பேசப் போங்கள்.

பையைவிட எனக்குக் கவலை அந்தக் குழம்புதான். அதில் மட்டும் நீங்கள் அவசரம் காட்டலாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. கிலோ எடைக்கு 15 கிராம் வெங்காயத்திலேயே கேடு தொடங்கலாம். 30 கிலோ நாய்க்கு அது அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரே வேளையில் அவ்வளவு போகாது என்று நினைப்போம். ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்துகொண்டே வரும். பிரியாணிச் சட்டியை வழித்துப் போடுகிற ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிப் பாருங்கள். வறுத்த வெங்காயம் சுண்டிப்போய் அளவே தெரியாமல் அதில் கிடக்கும். அப்புறம் புளி. திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி. ஏன் என்று நீண்ட காலம் தெரியவில்லை. டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று சமீப ஆண்டுகளில் சொல்கிறார்கள். அதே அமிலம் புளியில் நிறைய இருக்கிறது, புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகம் கெட்டிருக்கிறது. மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றில் வெங்காயம், பூண்டு, புளி, உப்பு நாலும் இருக்கும். பிராய், அதாவது தணலில் இறைச்சி சுடும் விருந்து, போட்ட மறுநாள் வெந்த எலும்பு விழுங்கி, தொண்டையிலோ குடலிலோ குத்தி வருகிற நாய்கள் தனி வரிசை. நம் மாகாணத்தில் விளைகிற மக்கடேமியாக் கொட்டை ஒரு கைப்பிடி தின்றால் பின்னங்கால் தள்ளாடும். பில்டாங் என்ற உலர்த்திய இறைச்சி உப்புக்கட்டி. இதையெல்லாம் அக்காவிடம் பட்டியலாக ஒப்பிக்காதீர்கள், பாவம் பயந்துவிடுவார். வெங்காயமும் புளியும் போதும், அதுவும் உங்கள் கதையாக: "எனக்கே இப்பத்தான் தெரிஞ்சது அக்கா, புளிகூட ஆகாதாம். நான் எத்தனை நாள் குழம்புச் சோறு போட்டிருக்கேன் தெரியுமா." இது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

இனி பேச்சு. எடுத்ததும் அறிவுரை வேண்டாம், அறிவுரை கேளுங்கள். "அக்கா, ராக்கிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போடுவீங்க? நான் போடுறது சரியான்னு தெரியலை." அவர் கையை விரித்து அளவு காட்டுவார், அல்லது மார்ஜரின் டப்பாவைச் சொல்வார். அங்கேயே பேச்சு தொடங்கிவிட்டது. அடுத்து விலா எலும்பு. இதை நான் ஆயிரம் பேருக்குக் காட்டியிருப்பேன், ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. இடது கையை மேசையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, வலது கை விரலால் புறங்கையில் எலும்புகளின் மேல் தடவுங்கள். நாயின் விலா அப்படி இருந்தால் சரி. கையை முட்டியாக மடக்கி மேலே தடவினால் கரடு முரடாக இருக்கிறதே, விலா அப்படி இருந்தால் நாய் இளைத்திருக்கிறது. கையைத் திருப்பி உள்ளங்கையின் சதையை அழுத்திப் பார்த்தால் எலும்பு உள்ளே எங்கோ கிடக்கும், அப்படி இருந்தால் எடை கூடிவிட்டது. முதலில் உங்கள் நாய்மேல் செய்து காட்டுங்கள். அக்கா தானாகவே ராக்கியின் பக்கம் குனிவார். அவர் விரலே அவருக்குச் சொல்லட்டும், நீங்கள் பேசாமல் நில்லுங்கள்.

அப்போது முகம் வாடினால் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது. லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததை உணர்த்தும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு போட்டாலும் இன்னும் பசிக்கிற மாதிரியே பார்க்கும். "உங்க மேல தப்பில்லை அக்கா, அந்த ஜாதியே அப்படி" என்று சொல்லலாம், பொய்யும் இல்லை. அதோடு "சனிக்கிழமை என் நாய்க்கு எடை போடப் போறேன், ராக்கியையும் கூட்டிட்டு வாங்களேன்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பல மருத்துவமனைகளில் எடை மட்டும் பார்க்கக் காசு வாங்க மாட்டார்கள். முள் காட்டுகிற எண்ணோடு யாரும் சண்டை போட முடியாது, மீதியை டாக்டரோ நர்ஸோ சொல்லிக்கொள்வார்கள். குறைக்க வேண்டியது நிறைய என்றால் அளவை அவர்கள்தான் சொல்ல வேண்டும். சாதாரண உணவை வெறுமனே பாதியாக்கினால் சத்தும் பாதியாகிவிடும்.

கோவிலில் நாலு பேர் நடுவில் பேச வேண்டாம். அவர் கணவர் எதிரிலும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் கட்டுரை அனுப்புகிற வேலை வேண்டவே வேண்டாம், ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் நமக்கு "உங்கள் நாயைக் கொல்லும் 10 உணவுகள்" அனுப்பினால் நமக்கு என்ன தோன்றும்? இன்னொன்று, அந்த வீட்டில் தட்டில் சோறு போடுவது உண்மையில் யார் என்று விசாரியுங்கள். பல வீடுகளில் அது ஆயாதான், பாட்டியைச் சொல்கிறேன். ஆயாவிடம் போடாதே என்று சொன்னால் நடக்காது. வேறு எதையாவது போடச் சொல்ல வேண்டும். வெந்த பட்டர்நட் பூசணி, பீன்ஸ், காரட் துண்டு, உப்பில்லாமல். ஆயாவுக்குப் போட்ட திருப்தி, நாய்க்கு வயிறு நிறைந்த திருப்தி.

இத்தனைக்கும் பிறகு அக்காவே "நீ என்னதான் போடுற, எது நல்லது?" என்று கேட்டால், அப்போது பையைப் பற்றிப் பேசலாம். பெயர் சொல்வதைவிடப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். இந்த நாட்டில் நாய் உணவு 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் சட்டப்படி பதிவாக வேண்டும். பையில் வி (V) என்ற எழுத்தோடு ஒரு பதிவு எண் இருக்கும். அளந்து அவிழ்த்து விற்கிற உணவில் அதைப் பார்க்க முடியாது, அதனால் அதைத் தவிர்ப்பது நல்லது. வளர்ந்த நாய்க்கா குட்டிக்கா என்று பாருங்கள். போயர்போல் மாதிரிப் பெரிய இனக் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து மிஞ்சினால் எலும்பு கோணிவிடும், அதற்குத் தனியாகக் கால்சியம் பொடி கலக்கிறவர்களும் இங்கே உண்டு. புரதம் வளர்ந்த நாய்க்கு ஈரம் நீக்கிய கணக்கில் 18 விழுக்காடாவது வேண்டும். பொருள்களை எடை வரிசையில் எழுதுவார்கள் என்பதால் "கோழி" முதலில் இருந்தால் மயங்கிவிட வேண்டாம். பச்சைக் கோழியில் முக்கால் பங்கு தண்ணீர்.

பணக் கணக்கையும் அவர் கையிலேயே விட்டுவிடுங்கள். மலிவுப் பை 10 கிலோ, நாளுக்கு 500 கிராம் போடச் சொல்லியிருக்கிறது என்றால் 20 நாள் வரும். அதே எடையுள்ள நடுத்தர விலைப் பையில் 400 கிராம் போதும் என்றால் 25 நாள். கிலோ விலையைவிட நாள் விலையைப் பார்த்தால் வித்தியாசம் நாம் பயந்த அளவுக்கு இராது. சில சமயம் இருக்கும், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவரால் முடியாது என்று தெரிந்தால் பழைய பையே இருக்கட்டும், குழம்பு நின்று அளவு சரியானால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

புரட்டாசியை மறந்துவிடாதீர்கள். நம்மவர் பல வீடுகளில் அந்த மாதம் முழுக்க வாசலுக்குள் இறைச்சி வராது. மாட்டிறைச்சிப் பை என்றால் மற்ற மாதத்திலும் கைபடக் கூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் நாய்க்கும் திடீரென்று பருப்புச் சோறாகி, ஒரு வாரம் வயிற்றுப்போக்கு, மாதம் முடிந்ததும் திரும்ப ஒரு வாரம். அக்கா வீடு அப்படி என்றால் கோழி அல்லது மீன் சேர்ந்த பையைச் சொல்லுங்கள். பையும் தட்டும் கராஜில் இருக்கட்டும், வீட்டுக்குள் வர வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது, என் அம்மா தட்டைக் கழுவத் தோட்டக் குழாயடிக்குத்தான் போவார்.

மாற்றுவதென்று முடிவானால் பழைய பை தீரும் முன்பே புதிதை வாங்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதிது, பிறகு பாதி, பிறகு முக்கால், எட்டாம் நாளோ பத்தாம் நாளோ முழுதும். இடையில் கழிச்சல் இளகினால் ஒரு படி பின்னே போய் நிற்கலாம். ஆனால் ராக்கி தட்டைத் திரும்பியே பார்க்காமல் சுருண்டு படுத்தால் புதுப் பை பிடிக்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்துப் போனால் உண்ணி கடித்து வருகிற பிலியரியாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்த நேரத்தில் அக்கா முதலில் கூப்பிடுகிற எண் உங்களுடையதாக இருக்கும்படி இப்போது பேசிவையுங்கள்.